ஏ என்றால் ஏணிதானே, டீச்சர்? – தொடக்கப் பள்ளித் தாளாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தென் மாவட்டங்களில் திருச்சபைத் தொடக்கப் பள்ளிகளை நடத்தும் தாளாளர்களுக்கும், சேகர குருமார்களுக்கும், கல்விக்குழு உறுப்பினர்களுக்கும் ஸ்தோத்திரம்.

உங்கள் பள்ளிகளில் 31 வருஷம் வேலை பார்த்து, அதில் கடைசி 9 வருஷம் ஒரு பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எந்தப் பள்ளி, எந்தச் சேகரம் (சபை வட்டாரம்) என்று எழுதப்போவதில்லை. எழுதினால் பேச்சு பிள்ளைகளை விட்டுவிட்டு, இந்த அம்மா யாருடைய ஆள், போன சபைத் தேர்தலில் எந்த அணிக்கு ஓட்டுப் போட்டாள் என்ற விசாரணைக்குப் போய்விடும். நம் சபைகளை அறிந்தவர்களுக்கு இது விளங்கும்.

போன ஜனவரியில் பழைய பள்ளியின் ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் இங்கிலீஷில் வரவேற்புரை சொன்னான். இரண்டு நிமிஷம், ஒரு தடங்கல் இல்லை. கையில் தாள் வைத்திருந்தான், அதையும் அவ்வப்போது பார்த்துக்கொண்டான். மேடையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்து 100 ரூபாய் நோட்டு ஒன்றை அவன் சட்டையில் குத்திவிட்டார். அந்தச் சூட்டோடு சூடாக மைக்கைப் பிடித்த தாளாளர், வருகிற ஜூன் முதல் ஒன்றாம் வகுப்பிலிருந்து எல்லாமே இங்கிலீஷ் மீடியம் என்று அறிவித்தார். கைதட்டலில் ஷாமியானா அதிர்ந்தது.

விழா முடிந்து கேசரியும் காராபூந்தியும் கொடுத்தார்கள். அந்தப் பையன் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். தாளை வாங்கிப் பார்த்தேன். ‘ரெஸ்பெக்டட் சீஃப் கெஸ்ட்’ என்று தொடங்கி மொத்த உரையும் தமிழ் எழுத்தில் இருந்தது. அதுவும் பரவாயில்லை என்று, நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு ‘இது என்ன ராசா?’ என்று கேட்டேன். பையன் வானத்தைப் பார்த்தான். பிறகு ‘ரெஸ்பெக்டட் சீஃப் கெஸ்ட்’ என்று முதலிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்தான். கூட்ஸ் வண்டியில் பதினேழாவது பெட்டியைப் பார்க்க எஞ்சினிலிருந்து எண்ணிக்கொண்டு வருவது மாதிரி. அந்தச் சொல்லைத் தாண்டி ஓடிவிட்டு, மறுபடி எஞ்சினுக்குப் போனான்.

அவனுக்கு இங்கிலீஷும் வாசிக்கத் தெரியவில்லை, தமிழும் தெரியவில்லை. இந்த ஜூனில் நான்காம் வகுப்பு. அறிவியல் புத்தகத்தையும் சமூக அறிவியல் புத்தகத்தையும் இங்கிலீஷில் அவன் கையில் கொடுக்கப்போகிறீர்கள்.

எனக்குப் பையன் மேல் கோபம் இல்லை. எழுதிக்கொடுத்த டீச்சர் மேலும் இல்லை. நானே பத்துப் பன்னிரண்டு வருஷம் அப்படித்தான் எழுதிக்கொடுத்தேன், கைதட்டலும் வாங்கினேன். அதனால் சொல்லுகிற தகுதி கொஞ்சம் இருக்கிறது.

நம் பள்ளிகளுக்கென்று ஒரு பலம் உண்டு, மனப்பாடம். காலை ஜெபத்தில் ஒரு வசனம், ஓய்வுநாள் பள்ளியில் ஒன்று, விடுமுறை வேதாகமப் பள்ளி வந்தால் நாளுக்கு ஒன்று. 23-ஆம் சங்கீதத்தை மூச்சு விடாமல் சொல்லுகிற பிள்ளைகள் வகுப்புக்குப் பத்துப் பேர் தேறுவார்கள். அதில் பாதிப் பேர் நம் சபைக் கோயில் வாசலையே மிதிக்காத வீட்டுப் பிள்ளைகளாக இருப்பார்கள். வேதாகமத்தைத் திறந்து கொடுத்தால் விரலை வரிமேல் ஓட்டிக்கொண்டே சொல்லுவார்கள். பார்க்கிற நமக்கு வாசிப்பதுபோலவே இருக்கும். ஆனால் விரல் மேய்ப்பரிடம் நிற்கும்போது வாய் அமர்ந்த தண்ணீரைத் தாண்டிப் போயிருக்கும். விரலைப் பிடித்து நிறுத்தி, இது என்ன சொல் என்று கேட்பதைவிட நல்ல பரீட்சை ஒன்றை நான் இதுவரை பார்க்கவில்லை. உங்கள் பள்ளி ஆய்வுகளில் அதை யாரும் செய்து நான் கண்டதில்லை. பதிவேடுகளைத்தான் பார்ப்பார்கள்.

சரி, இங்கிலீஷுக்கு வருகிறேன்.

என் தொடக்க வருஷங்களில் ஒன்றில், ஒன்றாம் வகுப்பில் கரும்பலகையில் படம் போட்டு ‘ஏ ஃபார் ஆப்பிள்’ நடத்திக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் ஒரு பெண் பிள்ளை எழுந்தாள். ‘ஏ-ன்னா ஏணிதான டீச்சர்? ஆப்பிளு ஆவன்னால்ல வரும்?’ என்றாள். எனக்கு அன்றைக்குப் பதில் தெரியவில்லை. ‘இங்கிலீஷ்ல அப்படித்தான், உட்காரு’ என்றேன். அவள் உட்கார்ந்தாள். அதற்கப்புறம் இங்கிலீஷ் பாடவேளையில் அவள் கேள்வி கேட்டதாக நினைவில்லை.

அவள் கேட்டதுதான் விஷயமே. தமிழில் எழுத்தின் பெயரும் ஒலியும் ஒன்று. அகரத்தைப் பார்த்து அ என்கிறோம், அம்மாவில் வருவதும் அதே அ. இங்கிலீஷ் எழுத்துக்குப் பெயர் ஒன்று, வேலை வேறு. சி என்று பேர் வைத்துக்கொண்டு பூனையைக் குறிக்கும் சொல்லில் ‘க்’ என்று ஒலிக்கும். டபிள்யூ என்ற பெயரில் ‘வ்’ ஒலியைத் தேடினால் கிடைக்காது. நாம் என்ன செய்கிறோம்? ‘சி, ஏ, டி – கேட், கேட் மீன்ஸ் பூனை’ என்று நாற்பது பிள்ளைகளைக் கோரஸாகக் கத்தவிடுகிறோம். சி, ஏ, டி-யை எவ்வளவு வேகமாகச் சேர்த்துச் சொன்னாலும் ‘சீயேட்டீ’தான் வரும், ‘கேட்’ வராது. சந்தேகம் இருந்தால் வீட்டில் சொல்லிப் பாருங்கள்.

ஒரு கோடைப் பயிற்சியில்தான் வேறு வழி ஒன்று என் காதில் விழுந்தது. எழுத்தின் பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஒலி. ஏ-யிலிருந்து இசட் வரை வரிசையாகவும் போக வேண்டாம். எஸ், ஏ, டி, பி, ஐ, என் என்று ஆறு எழுத்தின் ஒலி தெரிந்தால் சிட், பின், டின், டிப், ஆன்ட், ஸ்பின் என்று சொற்களை எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கிவிடலாம். இரண்டு வாரத்தில் பிள்ளை தானே ஒரு சொல்லை வாசித்துவிடுகிறது. அந்த முதல் சொல்லை வாசித்துவிட்டு நம்மைத் திரும்பிப் பார்க்கும் முகத்தைப் பார்த்த டீச்சர், அப்புறம் கோரஸ் பக்கம் போகமாட்டாள்.

பயிற்சியில் சொல்லிக்கொடுக்காத ஒன்றை நான் வகுப்பில் கண்டுகொண்டேன். தமிழை நன்றாக எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கு இந்த முறை புதிதே இல்லை. க்-உம் இ-யும் சேர்ந்தால் கி என்று உயிர்மெய் படித்தவளுக்கு, ப்-உம் இ-யும் பி, அதோடு ஒரு ன் சேர்த்தால் பின் என்பது சாதாரணக் கணக்கு. அவளிடம் நான் சொன்னதெல்லாம் இவ்வளவுதான்: ‘இங்கிலீஷ்ல மெய்யெழுத்து எல்லாமே புள்ளி வெச்சதுதான். வெள்ளக்காரன் புள்ளியப் போட மறந்துட்டான்.’ வகுப்பு சிரித்தது. ஆனால் அன்றிலிருந்து ‘பென்னு’, ‘புக்கு’ என்று கடைசியில் உகரம் போடுவதும் பாதி குறைந்துவிட்டது. புள்ளி வைத்த எழுத்தை எப்படி நிறுத்த வேண்டும் என்று அவர்களுக்கு ஏற்கனவே தெரியும்.

தமிழில் தடுமாறுகிற பிள்ளைக்கு இந்தக் கதவு திறக்கவில்லை. ஆறு எழுத்தும் ஒலியும் தெரியும், சேர்க்கத் தெரியாது. ஒலிகளைச் சேர்த்தால் சொல் ஆகும் என்ற இரகசியத்தை, வீட்டில் பேசுகிற, அர்த்தம் தெரிந்த ஒரு மொழியில் ஒருமுறை பிடித்துவிட்டால் போதும், அடுத்த மொழிக்கு அதையே எடுத்துக்கொண்டு போகலாம். இது ஆராய்ச்சி முடிவு என்று சொல்லவில்லை; என் வகுப்புக்கு வந்துபோன பிள்ளைகளின் கணக்கு. மூன்றாம் வகுப்புக்குள் தமிழ் வாசித்தவர்கள் இங்கிலீஷையும் பிடித்தார்கள். தமிழைத் தவறவிட்டவர்களில் இங்கிலீஷைப் பிடித்தவர்கள் என்று விரல்விட்டு எண்ணத்தான் ஆள் இருக்கிறார்கள்.

நம் பிள்ளைகளுக்கென்றே சில சிக்கல்களும் உண்டு, அவற்றை எந்தச் சென்னைப் பதிப்பக நோட்டும் சொல்லாது. தமிழில் ஒரே ப-தான். பல்லுக்கும் அதுதான், அம்பில் வருகிற ஒலிக்கும் அதுதான். இங்கிலீஷில் அது இரண்டு எழுத்து. இந்த மடலிலேயே பாருங்கள்: பன்றிக்கான இங்கிலீஷ் சொல்லையும் ‘பெரிய’ என்பதற்கான சொல்லையும் நான் ‘பிக்’ என்றே எழுத முடியும். பிள்ளையின் காதும் அப்படித்தான் கேட்கிறது. அதற்கு என்ன செய்வது? பழைய நோட்டுத் தாளில் ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து வாய்க்கு முன்னால் பிடிக்கச் சொல்லுவேன். பன்றியைச் சொன்னால் காற்று வந்து தாள் ஆடும், பெரியதைச் சொன்னால் ஆடாது. தொண்டையில் விரலை வைத்துப் பார்க்கவும் சொல்லுவேன். ஒரு வாரம் வகுப்பு முழுக்கத் தாள் ஆடும், சிரிப்பாக இருக்கும். அதற்குள் காது பிடித்துக்கொள்ளும். ட-வுக்கும் க-வுக்கும் இதே கதைதான். எட்டாம் வகுப்பில் எழுத்துப் பிழை என்று சிவப்பு மையால் சுழிக்கிறோமே, அதில் நிறைய இந்தக் காது கோளாறுதான். முதல் வகுப்பில் ஒரு தாள்துண்டால் சரிசெய்திருக்கலாம்.

ஒலிக்கு அடங்காத சொற்களும் இங்கிலீஷில் உண்டு. கத்திக்கான சொல்லின் தலையில் ஒரு கே எழுத்து சும்மா உட்கார்ந்திருக்கிறது. அவற்றை மனப்பாடம்தான் செய்ய வேண்டும், அங்கே நம் பலம் உதவும். எல்லாச் சொல்லையும் கத்திபோல நடத்துவதுதான் தப்பு.

இங்கிலாந்தில் 2012 முதல் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு சோதனை வைக்கிறார்கள். 40 சொற்கள், ஒவ்வொன்றாக வாசிக்க வேண்டும். அதில் 20 சொல் அர்த்தமே இல்லாதவை, எந்த அகராதியிலும் கிடையாது. ஏன்? மனப்பாடத்தில் இருக்கிற சொல்லை ஒப்பிக்காமல் பிள்ளை உண்மையிலேயே எழுத்துக் கூட்டுகிறதா என்று பார்க்கத்தான். இதைக் கேள்விப்பட்டு நானும் தமிழில் ‘மூபிடு’, ‘கோலாப்பு’ என்று எழுதிப் போட்டுப் பார்த்தேன். வகுப்பின் முதல் மாணவி திணறினாள். கடைசி வரிசையில் தினமும் லேட்டாக வருகிற, அப்பா பனையேறப் போகிற பையன் பட்டென்று வாசித்தான். நான் அதுவரை அவர்களைத் தலைகீழாக அடுக்கி வைத்திருந்தேன் என்று அன்று தெரிந்தது.

வாசித்தால் மட்டும் ஆயிற்றா, அர்த்தம் வேண்டாமா என்பீர்கள். வேண்டும். அதற்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் செம்மணல் தேரிக்காடு. சித்திரையில் குடிதண்ணீர்க் குடம் வரிசையில் நிற்கும். மழைக்காகச் சபையில் உபவாச ஜெபம் வைத்த ஒரு வெள்ளிக்கிழமை, கோயிலை ஒட்டிய எங்கள் வகுப்பறையில் மழையைப் போகச் சொல்லி விரட்டுகிற அந்த இங்கிலீஷ்ப் பாட்டைப் பிள்ளைகள் ஆட்டத்தோடு பாடிக்கொண்டிருந்தார்கள். பாட்டியம்மா ஒருத்தி அர்த்தம் கேட்டுவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. பனைமரம், கருப்பட்டி, உப்பளம், ஆட்டுக்குட்டி, கோயில் மணி என்று பிள்ளை கண்டதையும் தொட்டதையும் நான்கு எளிய இங்கிலீஷ் வாக்கியத்தில் எழுதினால் ஒரு பாடம் கிடைத்துவிடும். நாங்களே எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, நூல் கோத்து வைத்திருந்த பதினொரு சின்னப் புத்தகங்கள் பள்ளி பீரோவில் இருந்தன. வெள்ளையடிக்கும்போது பழைய பேப்பரோடு போய்விட்டதாகக் கேள்வி.

நம் சபைக்கு எழுத்தறிவு ஒன்றும் அயல் விஷயம் இல்லை. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க், முதலில் நமக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. வயதான திண்ணைப் பள்ளி வாத்தியார் ஒருவரைத் தன் வீட்டிலேயே பள்ளி நடத்தச் சொல்லி, பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதினார். பத்து வருஷத்துக்குள் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகிவிட்டது. வந்தவர் மக்களுக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுத்து அப்புறம் வேதம் கொடுக்கலாம் என்று நினைக்கவில்லை.

இன்னொரு கதை இதைவிட எனக்குப் பிடிக்கும். ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789-இல் சென்னை எழும்பூரில் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் அனாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை ஏற்றார். இங்கிலீஷ் எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆசிரியர்களால் முடியவில்லை. ஒருநாள் நம்மவர் திண்ணைப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் மணலைப் பரப்பினார். ஆசிரியர்கள் முரண்டு பிடித்தபோது 8 வயதுப் பையன் ஒருவனைச் சின்ன வகுப்புக்குச் சட்டாம்பிள்ளை ஆக்கினார். நம் ஊரில் காலங்காலமாக நடந்ததுதான். 1797-இல் லண்டனில் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். சென்னை முறை என்றே அதற்குப் பெயராயிற்று. 1811-க்குப் பிறகு இங்கிலாந்துத் திருச்சபை ஏழைப் பிள்ளைகளுக்காக ஊர் ஊராகத் திறந்த பள்ளிகள் அந்த முறையில்தான் நடந்தன. ஆக, இங்கிலீஷ்க்காரப் பிள்ளைகள் இங்கிலீஷ் வாசிக்க நம் மணல் உதவியிருக்கிறது. நாமோ டை கட்டி ஷூ போட்டால் இங்கிலீஷ் வரும் என்று நம்புகிறோம்.

என் அம்மாவின் ஆச்சிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, கைநாட்டுதான். ஆனால் வேதாகமம் வாசிப்பாள். உபதேசியார் மனைவி சாயங்காலங்களில் சொல்லிக்கொடுத்தது. அந்தக் காலத்தில் அப்படி நிறையப் பேர், வாசிக்க மட்டும் தெரிந்தவர்கள். எந்தப் பக்கத்தைத் திறந்து கொடுத்தாலும் வாசிப்பாளாம், மளிகைக்கடைப் பொட்டலத் தாள் உட்பட. நூறு வருஷம் கழித்து நம் பள்ளிப் பிள்ளைக்கு அந்த ஆச்சியின் திறமை இல்லை என்பதைத்தான் ஆண்டு விழா மேடையில் பார்த்தேன்.

இனி, நீங்கள் வெளியே பேசாத பணக் கணக்கு. அரசு உதவி பெறும் பள்ளியில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களுக்குச் சம்பளம் அரசாங்கம் தருகிறது. இங்கிலீஷ் மீடியம் பிரிவு சுயநிதி. பெற்றோர் கட்டுகிற ஃபீஸில்தான் அந்த டீச்சர்களுக்குச் சம்பளம், அது என்ன சம்பளம் என்று உங்களுக்கே தெரியும். ஜவுளிக்கடையில் அதைவிடக் கூடக் கிடைத்தால் அந்தப் பெண் போய்விடுவாள், தப்புச் சொல்ல முடியாது. ஒன்றாம் வகுப்பில் வாசிக்கக் கற்றுக்கொடுப்பது பள்ளியிலேயே கஷ்டமான வேலை. அதற்கு வருஷத்துக்கு ஒரு புது ஆளைப் போடுகிறோம். இன்னொரு பக்கம், தமிழ்ப் பிரிவில் தலை எண்ணிக்கை குறைகிறது. 60 பேர் வரைக்கும் 2 ஆசிரியர்தான். மூன்றாவது ஆள் உபரி, பணியிடம் போய்விடும், போனது திரும்பாது. நான் சேர்ந்தபோது 5 ஆசிரியர்கள் இருந்த பள்ளி, நான் இறங்கும்போது ஈராசிரியர் பள்ளி. பாதிக் காரணம் தனியார் பள்ளி வேன். மீதிக் காரணம் நாமே நம் வளாகத்துக்குள் திறந்த நர்சரி.

பெற்றோர் கேட்கிறார்கள் என்பீர்கள். கேட்கிறார்கள்தான். காலை ஏழரைக்கு மஞ்சள் வேன் வந்து ஹாரன் அடிக்கும்போது, பிள்ளையை நடத்திக் கூட்டிக்கொண்டு வருகிற தாய்க்கு மனசு என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும். என் இரண்டு பிள்ளைகளையும் நான் இங்கிலீஷ் மீடியத்தில்தான் சேர்த்தேன். ஒளிக்க ஒன்றும் இல்லை. ஆனால் அவர்களுக்கு வீட்டில் ஒரு டீச்சர் இருந்தாள், இராத்திரி தமிழும் படித்தார்கள். பீடி சுற்றுகிற வீட்டுப் பிள்ளைக்கு இராத்திரி டீச்சர் கிடையாது. பகல் ஆறு மணி நேரம் நாம்தான். அதனால் பெற்றோர் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். அவர்கள் கேட்பது இங்கிலீஷை, நாம் விற்பது மீடியத்தை. இரண்டும் ஒன்றில்லை என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் நாம்.

இன்னொன்றையும் எடுத்துச் சொல்ல வேண்டும். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010-இல் வந்தது. 2020-இல் அதைத் திருத்தினார்கள், இப்போது டி.என்.பி.எஸ்.சி. ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழிச் சான்றிதழ் கேட்கிறது. அதாவது ஐந்து வயதில் நீங்கள் மாற்றுகிற மீடியம், இருபத்தைந்து வயதில் அந்தப் பிள்ளையின் விண்ணப்பத்தில் இடிக்கும். கல்லூரிப் பெண்களுக்கு மாத உதவித்தொகை தரும் புதுமைப்பெண் திட்டத்தை 2024 டிசம்பரில் உதவி பெறும் பள்ளிகளுக்கும் நீட்டித்தார்களே, அதுவும் தமிழ்வழியில் படித்த பெண்களுக்குத்தான். ஆண்டு விழாவில் கைதட்டிய தாய்மாரில் எத்தனை பேருக்கு இது தெரியும்? மைக்கில் இதையும் சொல்லியிருக்கலாம்.

நான் கேட்பது பெரிதில்லை. ஜூனில் மீடியத்தை மாற்றாதீர்கள். ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கு உங்களிடம் இருப்பதிலேயே அனுபவமுள்ள டீச்சரைப் போடுங்கள், புதிதாக வந்தவரை அல்ல. போட்டால் மூன்று வருஷம் அசைக்காதீர்கள். நம்மிடம் இடமாற்றம் பாடத்தைப் பார்த்து நடப்பதில்லை, அவர் வீட்டுக்காரர் தேர்தலில் எந்தப் பக்கம் நின்றார் என்று பார்த்து நடக்கிறது. என்னையே ஒருமுறை கல்வியாண்டு நடுவில், நவம்பர் மாதம், 40 கிலோமீட்டர் தள்ளி அனுப்பினார்கள். நான் போய்விட்டேன். ஒலி படித்துக்கொண்டிருந்த 26 பிள்ளைகள் ஜூன் வரை ஆளில்லாமல் இருந்தார்கள்.

தினம் ஒரு மணி நேரம் இங்கிலீஷ் வைத்துக்கொள்ளுங்கள், கோரஸ் இல்லாமல். அரசுப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளை எந்த நிலையில் இருக்கிறதோ அங்கிருந்து தொடங்குகிறார்கள். எல்லா இடத்திலும் அது ஒழுங்காக நடக்கிறது என்று சொல்லமாட்டேன், பதிவேற்றும் வேலையில் டீச்சர்கள் திணறுகிறார்கள். ஆனாலும் யோசனை சரியான யோசனை, நமக்கும் ஆகும். 2024 ஜூலை முதல் கிராமத்து உதவி பெறும் பள்ளிகளுக்கும் காலைச் சாப்பாடு வந்துவிட்டது. பிள்ளைகள் எட்டரைக்கெல்லாம் தட்டோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். சாப்பிட்ட பிறகு மணியடிக்கும் வரை இருபது நிமிஷம் சும்மா ஓடித் திரிகிறார்கள். அந்த இருபது நிமிஷத்துக்குக் கதைப்புத்தகம் வேண்டும்.

புத்தகத்துக்குப் பணம் எங்கே என்று கேட்காதீர்கள். சபையில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற அசனப் பண்டிகையில் ஒரு பலாப்பழம் 8,000 ரூபாய்க்கு ஏலம் போனதை நான் கண்ணால் பார்த்தேன். ஏலம் எடுத்தவர் பெயரைப் புத்தக பீரோவில் எழுதிவைத்தால் அவர் வேண்டாம் என்றா சொல்லப்போகிறார்?

அடுத்த ஆண்டு விழாவில் வரவேற்புரையை யாராவது பெரியவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். பிள்ளைகளுக்கு ஒரு பானையில் சீட்டுப் போட்டு வையுங்கள். சிறப்பு விருந்தினர் கையை விட்டு ஒன்றை எடுக்கட்டும். அதில் பிள்ளை முன்பின் பார்க்காத நான்கு வரி இருக்கட்டும், தமிழில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று. திக்கித் திணறித்தான் வாசிக்கும். கைதட்டல் குறைவாகத்தான் இருக்கும், வீடியோவும் நன்றாக வராது. அந்த 100 ரூபாயை அதற்குக் குத்துங்கள்.

ஓய்வுநாள் பள்ளி நடத்துகிற அண்ணன்மார், அக்காமாருக்கும் ஒரு வார்த்தை. வசனத்தைச் சொல்லவைத்த பிறகு, நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் கேளுங்கள். அவ்வளவுதான்.

வரவேற்புரை சொன்ன பையன் இப்போது சாயங்காலம் என் வீட்டுத் திண்ணைக்கு வருகிறான், கூட நாலைந்து பேர். தமிழில் உயிர்மெய் வரிசை பாதி ஆகியிருக்கிறது. ‘கெ’-வுக்கும் ‘கே’-வுக்கும் இன்னும் சண்டை. இங்கிலீஷை நான் இன்னும் தொடவில்லை. கல்விக்குழு கூடும் தேதியைச் சொல்லி அனுப்பினால் பஸ் ஏறி வருகிறேன். பத்து நிமிஷம் பேசவிட்டால் போதும், தாள்துண்டை நானே கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
கர்த்தருக்குள் உங்கள் சகோதரி,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருத்தி

பி.கு.: பள்ளி முற்றம் முழுக்கப் பேவர் பிளாக் பதிக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். பதியுங்கள், மழைக்காலத்தில் சகதி மிஞ்சாது. வேப்பமரத்தடியில் ஒரு பத்துக்குப் பத்து இடத்தை மட்டும் மணலாக விட்டுவைக்கச் சொல்லுங்கள்.